இறந்தவர்கள் தொப்பி கொண்டுவரும் ஊர்

ரயில் கப்பலுக்குள் ஏறும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இத்தாலியின் நிலம் முடிந்து கடல் வந்ததும், இறங்கிப் படகு பிடிக்கவேண்டும் என்று நினைத்து மடியில் இருந்த பையோடு எழுந்து நின்றேன். வேறு யாரும் எழும்பவில்லை. ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றி, தண்டவாளத்தோடேயே ஒரு கப்பலின் வயிற்றுக்குள் தள்ளினார்கள். நானும் உள்ளே போனேன். சன்னலுக்கு வெளியே இரும்புச் சுவர், அதற்கு வெளியே கடல். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் இரும்பு தாழும் என்று அறியப் பள்ளிக்கூடம் தேவையில்லை. கப்பல், அதற்குள் ரயில், அதற்குள் நான், என் மடியில் இன்னுமோர் இரும்பு.

பெட்டியில் இருந்த சனமெல்லாம் கல்யாண வீட்டுப் பந்திக்கு ஓடுவதுபோல மேல்தட்டுக்கு ஓடியது. எதிரில் இருந்த கிழவர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மேலே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தோடம்பழம் அளவில் பொரித்த உருண்டைகள். மாட்டிறைச்சி இருக்குமோ என்று பயம். தலையில் இரண்டு விரலைக் கொம்புபோல வைத்துக் காட்டினேன். விற்ற பெண் தானும் கொம்பு வைத்து, இல்லை என்று தலையை ஆட்டி, வேறொரு உருண்டையை எடுத்துத் தந்தாள். கடித்துப் பார்த்தால் உள்ளே சோறு. சோற்றை உருட்டிப் பொரித்துக் கையில் தருகிற ஒரு நாடு ஐரோப்பாவில் இருக்கிறது என்று இத்தனை வருடம் ஜெர்மனியில் இருந்தும் எனக்குத் தெரியாது. கடல் சின்னதாகிவிட்டது. அக்கரை மலைகள் கிட்ட வந்தன.

மடியில் இருந்தது ஒரு தையல் மெஷினின் தலை. தடித்த துணி தைக்கிற பழைய ஜெர்மன் மெஷின். நான் இருக்கும் ஊரில் சனங்கள் வேண்டாத சாமானை வீதியோரம் வைத்துவிடுகிற நாள் ஒன்று உண்டு. எங்கள் தமிழ் வீடுகளில் பாதிக் கதிரை மேசை அப்படி வந்ததுதான். அக்கா அக்கரையில் உள்ள பலெர்மோ நகரிலிருந்து டெலிபோனில் "தடிச்ச துணி தைக்கிற மெஷின் கண்டா விடாதை" என்று சொல்லியிருந்தாள். கண்டேன், விடவில்லை. எண்ணெய் விட்டதும் ஓடியது. எல்லையில் ஒரு போலீஸ்காரர் பையைத் திறந்து பார்த்து முகம் கறுத்தார். இரண்டு கையாலும் தைத்துக் காட்டினேன், வாயால் சத்தமும் போட்டேன். அவர் சிரித்து, பட்டன் அறுந்த தன் சட்டைக் கையை நீட்டினார்.

ஸ்டேஷனில் செல்வி அக்காவும் அத்தானும் நின்றார்கள். அக்கா பையை வாங்கித் திறந்து, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாள்.

"ஓடுது," என்றாள்.

அத்தான் என்னைப் பார்த்தார். "மச்சான், கோவிக்காதை. அக்கா உன்னையும் பிறகு ஒருக்காப் பாப்பா."

அவர்கள் வீடு ஒரேத்தோ என்ற பகுதியில், மூன்றாம் மாடியில். அத்தானுக்குக் கபோ சந்தையில் ஒரு மீன்கடையில் வேலை. அக்கா காலையில் ஒரு வீட்டில் துப்புரவு வேலை, பின்னேரம் கால்சா என்ற பழைய பகுதியில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவிடம் தொப்பி தைக்கிற வேலை. அப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். முன்பு இரண்டு தரம் தங்காமல் போனதால் அத்தான் அவளைப் படியில் ஏறவிடுவதே கோயிலில் சாமி தூக்குவதுபோலத்தான். சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் அந்த ஊரின் காவல் புனிதை சந்தா ரொசாலியாவின் படம் இருந்தது. நான் பார்ப்பதைக் கண்டு, "அவவும் மலையிலை குகைக்குள்ளை இருந்தவதானே. எங்கடை ஆள்தான்," என்றார் அத்தான்.

அடுத்த நாள் பின்னேரம் அக்கா என்னையும் மெஷினையும் கால்சாவுக்குக் கூட்டிப் போனாள். வழியில் கடலைமாவைத் தட்டிப் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தந்தார்கள். பனெல்லேயாம். என் வாய்க்கு அது வாழைக்காய் இல்லாத பஜ்ஜி. இரண்டு வாங்கித் தின்றேன். ஸ்கூட்டர்கள் நடைபாதையில் ஏறி வந்தன. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடந்தேன்.

கால்சாவில் பாதி வீடுகள் இடிந்து நின்றன. பழைய உலகப் போரில் குண்டு விழுந்ததாம். கூரை இல்லாத மாளிகைக்குள் அத்திமரம் வளர்ந்து சன்னலால் எட்டிப் பார்த்தது. பக்கத்துச் சுவரில் யாரோ உடுப்புக் காயப்போட்டிருந்தார்கள். குண்டு விழுந்த எங்கள் ஊர் வீடுகளை நினைத்துக்கொண்டேன். இவ்வளவு காலத்துக்கும் இப்படியே நிற்குமென்றால் எங்களுடையது எப்போது எழும்பும் என்ற கவலை வந்தது. அதை அக்காவிடம் சொல்லவில்லை.

தொப்பிக் கடை கீழ்வீட்டில் ஒரே அறை. உள்ளே கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

சுவர், கூரை, கதவு எல்லாம் தொப்பிகள். ஒன்றுகூடப் புதுத் துணியில் இல்லை. கோப்பிக்கொட்டை வந்த சாக்கில் ஒன்று, அதன் விளிம்பில் பிரேசில் என்ற எழுத்து அப்படியே ஓடுகிறது. சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்துப் பின்னியது ஒன்று, மழைக்குப் பிறகு காகத்தின் முதுகு மினுங்குமே அந்த மினுக்கம். மனுசர் கட்டிக் கழித்த கழுத்துப்பட்டிகளைச் சூரியன்போல விரித்துத் தைத்தது ஒன்று. பாட்டுக் கசெட்டின் நாடாவை உருவி ஊசியால் பின்னியது ஒன்று. அதைக் காதில் வைத்துப் பார்த்தேன். அக்கா தலையில் தட்டினாள்.

சிஞ்ஞோரா நினா கறுப்பு உடுப்பில் இருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மெஷினைக் கண்டதும் என் இரண்டு கன்னத்திலும் முத்தம் தந்தார். வெட்கத்தில் நான் தரையைப் பார்த்தேன். பிறகு, வீதியில் பொறுக்கிய முறிந்த குடை ஒன்றை எடுத்தார். கம்பிகளைக் கழற்றினார், எட்டுத் துண்டு சீலையையும் பிரித்தார், ஒவ்வொன்றையும் நடுவில் வளைத்து வெட்டித் தைத்தார். கோப்பி கொதிக்க முன் அது மழைத்தொப்பி ஆகி என் தலையில் இருந்தது. குடை என்பதே கைப்பிடி வைத்த தொப்பிதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. எங்கள் ஊரில் தொப்பி போடுகிறவன் போலீஸ்காரன், இல்லாவிட்டால் வேலை மேற்பார்க்கிற ஓவசியர். தொப்பியைக் கண்டால் நாங்கள் வேலிக்குள் நுழைவோம். இங்கே நான் ஒன்றைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன் நின்றேன்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு சாம்பல் நிறக் கம்பளிக் கோட் தொங்கியது. தோள்கள் இரண்டும் உள்ளே ஆள் இருப்பதுபோல எழும்பி நின்றன.

"அது அவவின்ரை மனுசன் சால்வோவின்ரை," என்றாள் அக்கா மெதுவாக. "துறைமுகத்திலை வேலை செய்தவர். வைகாசியிலை செத்துப்போனார்."

அங்கே ஒரு வழக்கம் உண்டு. நவம்பர் இரண்டாம் தேதி இறந்தவர்களின் நாள். அந்தந்த வீட்டில் செத்தவர்கள் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவார்களாம். காலையில் பிள்ளைகள் வீடெல்லாம் தேடி எடுக்கும். குழப்படி செய்த பிள்ளையின் உள்ளங்காலைச் செத்தவர்கள் சீஸ் துருவியால் துருவுவார்கள் என்று சொல்லி, தாய்மார் துருவியை ஒளித்து வைப்பார்களாம். கடைவீதியெங்கும் சீனியில் செய்த பொம்மைகள், பாதாம் மாவில் செய்த பழங்கள். உண்மைப் பழம் என்று நம்பி ஒன்றை மூக்கில் வைத்துப் பார்த்துக் கடைக்காரனிடம் பேச்சு வாங்கினேன். எங்கள் ஊரில் செத்தவருக்கு நாங்கள்தான் படைப்போம். அவர் திரும்பி வந்து ஏதாவது தந்தால் ஊரே ஓடும்.

நினாவின் பேத்தி ஜூலியாவுக்கு ஆறு வயது. தாத்தா செத்த பிறகு வருகிற முதல் நவம்பர் இது. "நோன்னோ எனக்கு என்ன கொண்டுவருவார்?" என்று தினமும் கேட்கிறாளாம். சால்வோவின் கோட்டில் அவளுக்கு ஒரு தொப்பி தைப்பதென்று நினா முடிவு செய்திருந்தார். ஊரில் எல்லார் பழந்துணியையும் வெட்டிய கை. இதில் மட்டும் கத்தரிக்கோலை வைப்பதும் எடுப்பதுமாக மாதங்கள் போய்விட்டன. நாள் நெருங்கிவிட்டது.

அன்றைக்குக் கோட்டை ஆணியிலிருந்து எடுத்து, காலரில் முகத்தை வைத்து ஒரு தரம் மணந்து, அக்காவிடம் நீட்டினார். அக்கா எனக்கு மொழிபெயர்த்தாள்: "நீ வீட்டை கொண்டுபோய்ப் பிரி. துண்டுதுண்டாக்கிக் கொண்டு வா. முழுசா நான் பாக்கக்கூடாது."

பஸ்ஸில் கோட்டை நான்தான் வைத்திருந்தேன். சுருட்டினால் கசங்கும் என்று அக்கா அதை வாங்கி என் பக்கத்துச் சீட்டில் இருத்திவிட்டாள். ஒரு கிழவி ஏறி வந்து, கோட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஏதோ கேட்டாள்.

"இவர் எங்கை இறங்குவார் எண்டு கேக்கிறா," என்றாள் அக்கா. அவளுக்குச் சிரிப்பு. எனக்கு முதுகில் வேர்த்தது.

அத்தான் கதவைத் திறந்தார். கண் நேரே கோட்டுக்குப் போனது.

"ஆற்றை?"

"சால்வோவின்ரை."

"செத்த மனுசன்ரையோ?"

"ஓம். உயிரோடை இருக்கிறவர் தருவாரே?"

"இஞ்சேரும், நீர் இப்ப இருக்கிற நிலைமையிலை உதைத் தொடலாமே? உதை வெளியிலை வையும்."

நானும் அத்தான் பக்கம் சேர்ந்தேன். "ஓம் அக்கா, எதுக்கும்..."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ கதையாதை. ஜெர்மனியிலை அகதி முகாமிலை தந்த கோட்டை, இது ஆற்றை, அவர் இருக்கிறாரோ எண்டு கேட்டே போட்டனீ?" பிறகு அத்தானிடம், "உங்கடை ஜாக்கெட்டும் சேர்ச்சிலை பாதர் தந்ததுதான். அதிலை பேர் எழுதியிருந்ததே?"

"அது தெரியாத ஆள். தெரியாட்டில் ஒண்டுமில்லை," என்றார் அத்தான். "இவர் எனக்குத் தெரிஞ்ச மனுசன். சந்தையிலை கண்டாக் கைகுடுத்துக் கதைக்கிறவர். நாளைக்கு வந்து என்ரை கோட் எங்கை எண்டு கேட்டா நான் என்ன சொல்ல?"

அக்கா கோட்டைச் சாமித்தட்டுக்கு எதிர்ச்சுவரில் மாட்டிவிட்டுச் சமைக்கப் போனாள்.

மறுநாள் ஆபிரிக்காவிலிருந்து சூட்டுக்காற்று வீசியது. சிரோக்கோ என்பார்கள். வாயைத் திறந்தால் மண். படகுகள் கடலுக்குப் போகவில்லை, மீன் இல்லை, அத்தானுக்கு வேலையும் இல்லை. அக்கா வேலைக்குப் போனதும் நாங்கள் இரண்டு பேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம்.

"மச்சான், தோய்ச்சாத் தீட்டுப் போகும்," என்றார் அத்தான்.

"அக்கா கேட்டா?"

"ஊத்தையா இருந்தது, தோய்ச்சனாங்கள் எண்டு சொல்லுவம். நல்ல விஷயந்தானே?"

எனக்கும் அது நல்ல விஷயமாகத்தான் பட்டது. விசேஷங்களுக்குச் சோறு ஆக்குகிற பெரிய பானையில் தண்ணீரைக் கொதிக்க வைத்தோம். அத்தான் ஒரு கை நிறைய மஞ்சள் போட்டார், உப்புப் போட்டார், சவர்க்காரத்தைச் சீவிப் போட்டார். கோட்டை உள்ளே விட்டு, வீடு கூட்டுகிற தும்புத்தடியின் கம்பால் மாறி மாறிக் கிண்டினோம். எங்கள் ஊரில் கொதிதண்ணிக்குப் பயந்த துணி கிடையாது. பருத்தியை அவித்துத்தானே வெளுத்தார்கள். அவிக்க அவிக்கத் தீட்டு ஆவியாகிப் போகிறது என்றுதான் நானும் நம்பிக் கிண்டினேன்.

வெளியே எடுத்தபோது கோட் சிறுத்திருந்தது. பால்கனிக் கொடியில் சூட்டுக்காற்றில் காயக் காய இன்னும் சிறுத்தது. கைகள் மேலே ஏறின. தோள்கள் உள்ளே ஒடுங்கின. சாம்பல் நிறம் பச்சை ஒலிவ்காய் நிறமாகிவிட்டது. அத்தான் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"மச்சான்," என்றார் மிக மெதுவாக, "மனுசன் சின்னப் பிள்ளையாப் போட்டார்."

அக்கா மத்தியானம் வந்து பால்கனியைப் பார்த்தாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் கதிரையில் இருந்து வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "கம்பளியைக் கொதிக்க வைப்பினமே," என்றாள். பிறகு, "அவ அதை வெட்டேலாமல் இவ்வளவு நாள் மணந்து மணந்து வைச்சிருந்தவ. இனி அந்தப் பிள்ளைக்கு என்னத்தைக் குடுக்கிறது? சிஞ்ஞோராவின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?"

அத்தான் உள்ளே போனார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, கோட்டை மடித்துத் தன் கையில் எடுத்தார். "நட. நானே சொல்லுறன்." முந்தின நாள் தொடக்கூடாது என்ற மனுசன், பஸ்ஸில் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

நினா வாங்கினார். மடிப்பை விரித்தார். காலரைத் தேடி முகத்தைப் புதைத்தார். நிமிர்ந்தபோது கண் எங்களை விட்டுவிட்டு வேறெங்கோ பார்த்தது.

"இது என்ன மணம்?" என்று கேட்டார். அக்கா, "மஞ்சள்," என்றாள்.

அத்தான் தனக்குத் தெரிந்த இத்தாலியனில் தொடங்கினார். பாதியில் சொல் முடிந்து அக்காவைப் பார்த்தார். அக்கா தொடர்ந்தாள். செத்த வீட்டுத் துணியை எங்கள் ஊரில் அப்படித்தான் செய்வது, பிறக்கப் போகும் பிள்ளைக்காகச் செய்தார், கெட்ட எண்ணம் இல்லை.

நினா கோட்டோடு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

நாங்கள் தொப்பிகளுக்கு நடுவே நின்றோம். அக்காவின் வேலை போச்சு என்று நினைத்தேன். வேலை போனால் எல்லாம் போகும். அக்கா என் மனத்தைப் படித்தவள்போல, "வேலையை விடு. ஜூலியாவை நினைச்சாத்தான் கவலை," என்றாள்.

கதவு திறந்தது. நினா முகம் கழுவியிருந்தார்.

"ஆர் குளிப்பாட்டினது எண்டு கேக்கிறா," என்றாள் அக்கா.

தோய்த்தது என்று கேட்கவில்லை, குளிப்பாட்டியது என்றுதான் கேட்டாராம். அத்தான் வகுப்பில் பிள்ளை கை உயர்த்துவதுபோல உயர்த்தினார். நானும் பாதி உயர்த்தினேன்.

நினா மெதுவாகப் பேசினார். அக்கா அதைவிட மெதுவாகத் தமிழில் சொன்னாள்: "ஆஸ்பத்திரியிலை எல்லாம் முடிச்சுப் பெட்டியிலை வைச்சுத்தான் என்னட்டைத் தந்தவை. நான் ஒரு கை தண்ணி ஊத்தேல்லை. ஒரு சட்டை மாத்தேல்லை. நீங்கள் செய்திருக்கிறியள்." அதற்கு மேலே அக்காவால் மொழிபெயர்க்க முடியவில்லை.

பிறகு நினா கோட்டை வெளிச்சத்தில் பிடித்தார். சுண்டினார், முறுக்கினார், விளிம்பை நகத்தால் கீறினார். நூல் ஒன்றும் பிரியவில்லை. அவித்ததில் நெசவெல்லாம் ஒன்றோடொன்று கட்டிப்பிடித்து, அடியில் பலகை வைத்ததுபோல விறைத்து நின்றது. தொப்பிக்கு இதைவிட நல்ல துணி கிடைக்காதாம். தோள் இருந்தவரையில் அது சால்வோ, கத்தரி வைக்க முடியவில்லை. இப்போது இது துணி என்றார். சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்து, முதுகுப்பக்கத்தில் தானே முதல் வெட்டை வெட்டினார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

ஆறு இதழ் வெட்டினார். முன்பக்கத்தில் விளிம்பு எடுத்தார். கோட்டின் உட்பையை அப்படியே தொப்பிக்குள் தைத்தார், பிள்ளை மிட்டாய் வைக்கட்டும் என்று. ஜெர்மன் வீதியோரத்தில் கிடந்த மெஷினை அக்கா மேசையில் பூட்டி, நான்கு மடிப்புத் துணியைக் கொடுத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஊசி வாழைத்தண்டில் இறங்குவதுபோல இறங்கியது. கோட்டின் பட்டன் ஒன்று உச்சியில் ஏறியது. யாருக்கும் வேண்டாத மெஷின், இரண்டு பேர் பிழையாக அவித்த கோட். அதிலிருந்து, கடையில் விலை கேட்டுப் பயந்து திரும்புவோமே அப்படி ஒரு தொப்பி என் கண்ணுக்கு முன்னால் வந்தது. மனுசர் கையால் இவ்வளவும் முடியுமா என்று அன்று முழுக்க என் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறந்தவர்களின் நாள் காலையில் எங்களையும் வரச்சொன்னார்கள். நினாவின் வீடு கடைக்கு மேல்மாடி. ஜூலியா இரவு உடுப்போடு கட்டிலுக்குக் கீழே தேடினாள், அலுமாரிக்குள் தேடினாள். சீனிப் பொம்மை கிடைத்தது, அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு இன்னும் தேடினாள். கடைசியில் குசினியில் மா டின்னுக்குப் பின்னால் கை விட்டு இழுத்தாள்.

உடனே போடவில்லை. பட்டனைத் தொட்டுப் பார்த்தாள். அது யாருடைய பட்டன் என்று அவளுக்குத் தெரிந்தது. தொப்பியை மூக்கில் வைத்து மணந்தாள். நினா சுவரைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை தொப்பியோடு அக்காவிடம் வந்து, அக்காவின் சால்வையை இழுத்து மணந்தாள். மறுபடி தொப்பியை மணந்தாள். பிறகு எல்லாரையும் பார்த்து ஒன்று சொன்னாள்.

அக்கா என் காதில் சொன்னாள்: "நோன்னோ வாற வழியிலை செல்வி வீட்டிலை சாப்பிட்டிட்டு வந்திருக்கிறாராம்."

ஜூலியா அத்தானைப் பார்த்தபடி நின்றாள். நோன்னோ சாப்பிட்ட வீட்டுக்காரர் அவர்தானே, அவர்தான் சொல்லவேண்டும். அத்தான் தொண்டையைச் செருமினார். அக்காவைப் பார்க்காமல், தன் சொந்த இத்தாலியனில், பிள்ளைக்கு நேரே குனிந்து பதில் சொன்னார். அதை அக்கா பஸ்ஸில்தான் எனக்குச் சொன்னாள்:

"ஓம் பிள்ளை. ரெண்டாந்தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்."